கஜேந்திரனின் நானூறு மீற்றர்

கஜேந்திரனுக்கு நீந்தத் தெரியாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் கண்டுகொண்டேன். மூழ்காமல் இருக்கத் தெரியும். அதைத்தான் அவர் நீச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் எங்கள் ஹோட்டலின் தலைமை உயிர்காப்பாளர். பண்டாரவளைக்கு மேலே, மலைச்சரிவை வெட்டிக் கட்டிய ஹோட்டல். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கி, தேயிலை மலைகளைப் பார்த்துக்கொண்டே குளிப்பதற்கு இருபது மீற்றர் நீளத்தில் ஒரு நீச்சல் தடாகம். அதன் ஓரத்தில் உயரமான வெள்ளை நாற்காலி ஒன்று இருக்கும். பதினோரு வருடமாக அதில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் தண்ணீரிலிருந்து காப்பாற்றியது ஒரு ஜெர்மன் அம்மாவின் தொப்பியையும் இரண்டு கைத்தொலைபேசிகளையும் ஒரு பூனையையும்தான். அந்தப் பூனைக்கதையில் வருடா வருடம் தண்ணீரின் ஆழம் கூடிக்கொண்டே போனது என்று சமையலறையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

விருந்தினர் நிறையப் பேர் கூடியிருக்கும் பின்னேரங்களில் அவர் நாற்காலியிலிருந்து இறங்கி இரண்டு சுற்று நீந்துவார். தலை முழுவதும் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்திருக்கும். கைகள் இரண்டும் தண்ணீரை ஓங்கி ஓங்கி அறையும். கால்கள் பின்னால் தாழ்ந்து, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இழுபட்டுக்கொண்டு வரும். தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். பத்தொன்பது வயதில் மாகாணப் போட்டியில் நூறு மீற்றரில் முதலாவதாக வந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். எத்தனை பேர் நீந்தினார்கள் என்று நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பெயர் சுதர்ஷினி. இருபது வயது வரை முழங்காலுக்கு மேலே தண்ணீரில் நின்றதில்லை. பதுளையில் துணிக்கடையில் வேலை செய்தபோது, நகரத்து நீச்சல் தடாகத்தில் சனிக்கிழமைகளில் ஒரு டீச்சர் பெண்களுக்குப் பழக்கினார். கடைகளில் விற்கும் பயிற்சிச் சாமான்கள் எங்கள் யாருக்கும் கட்டுப்படியாகாது என்று அவருக்குத் தெரியும். வீட்டில் கிடப்பதை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அப்படிச் சேர்ந்ததுதான் என் பை.

அதில் மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு இருந்தன. சைக்கிள் டியூப் துண்டால் சேர்த்துக் கட்டியவை. அவற்றைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டால் இடுப்பு தானாக மிதக்கும். காலை மறந்துவிட்டுக் கையை மட்டும் கவனிக்கலாம். பழைய டெனிஸ் பந்துகள் இரண்டு. கைக்கு ஒன்றாகப் பொத்திக்கொண்டு நீந்தினால் உள்ளங்கைக்கு வேலை இருக்காது. முன்கை முழுவதாலும் தண்ணீரைப் பிடித்துத் தள்ளப் பழகும். செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய ஒரு முழ நீளத் தேயிலைக் குச்சி. முன்னால் நீட்டிய கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், மற்றக் கை சுற்றி வந்து வாங்கிக்கொள்ளும் வரைக்கும். இரண்டு கணுக்காலையும் சேர்த்துப் போட்டுக்கொள்ள டியூப் வளையம் ஒன்று. அவ்வளவுதான். ஹோட்டலில் என்னைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவியாளராக எடுத்திருந்தார்கள். துவாய் மடிப்பதுதான் பாதி வேலை. காலையில் விருந்தினர் எழும்புவதற்கு முன்னால் அந்தப் பையோடு இறங்கி ஒரு மணி நேரம் நீந்துவேன்.

கஜேந்திரன் அந்தப் பையைக் கண்ட நாளிலிருந்து அவருக்கு நல்ல பொழுதுபோக்கு. இந்தப் பிள்ளை நகரசபைக் குப்பை லொறியில்தான் வேலைக்கு வந்தது என்று தமிழில் எங்கள் ஆட்களிடம் சொல்வார். அதையே ஆங்கிலத்தில் விருந்தினரிடமும் சொல்வார். ஒரு நாள் என் போத்தல்களைத் தூக்கிக் காட்டி, இது எங்கள் ஊர் நவீன தொழில்நுட்பம் என்று ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தைச் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்தின் பத்து வயதுப் பெண் அவரைவிட நன்றாக நீந்திக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. அண்ணே என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டேன். வயது முப்பத்தெட்டு, வேறு எப்படிக் கூப்பிடுவது? வாய்தான் அப்படிச் சொன்னது.

போன மாசி மாதத்தில் மெனேஜர் மர்ஸூக் எங்கள் இருவரையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். காப்புறுதிக்காரர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்களாம். தடாகத்தைக் காவல் காக்கிற எவரும் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். கொழும்பிலிருந்து பரிசோதகர் ஒருவர் வருவார். நானூறு மீற்றரை எட்டு நிமிடத்துக்குள் ஃப்ரீஸ்டைலில் நீந்தவேண்டும், அடியில் கிடக்கும் பாரம் ஒன்றை மேலே கொண்டு வரவேண்டும். தவறினவர் நாற்காலியில் ஏற முடியாது. ஒரு மாதம் இருக்கிறது என்றார். கஜேந்திரன் சிரித்தார். எட்டு நிமிடத்தில் எண்ணூறு மீற்றரே போகலாம் சேர் என்றார். உலகச் சாம்பியன்கள்தான் அப்படிப் போவார்கள். மர்ஸூக்குக்கு அது தெரியாது. அவர் கொழும்பில் படித்துவிட்டு வந்தவர், கணக்கும் பேச்சும் நன்றாக வரும், தண்ணீர் மட்டும் குளியலறைக்கு வெளியே பிடிக்காது.

ஆனால் அவர் கெட்டிக்காரர். எதற்கும் ஒரு தடவை நீந்திக் காட்டுங்கள் என்று மறுநாள் காலையில் தொலைபேசியில் நேரம் பார்க்க வந்து நின்றார். நான் இருபது தடவையும் போய்த் தொட்டபோது ஏழு நிமிடம் பதினாறு செக்கன். கஜேந்திரனுக்குப் பத்தாவது தடவையிலேயே மூச்சு இரைத்தது. பதினாலாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைச் சரிசெய்கிறவர் மாதிரி நின்றார். எட்டு நிமிடம் ஐம்பத்து நாலு செக்கன். ஏறி வந்ததும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றார். அப்புறம் தண்ணீர் குளிர் என்றார். அப்புறம் நான் நீந்திய பக்கத்தில் காற்று குறைவு என்றார். மலை மறைத்த சரிவு அது; ஒரு இலை அசையவில்லை. மர்ஸூக் இரண்டு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் வந்தபோது தடாகத்தில் யாரோ இருந்தார்கள். தண்ணீரின் மேல் பனி கிடந்ததால் முதலில் முகம் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் கஜேந்திரன். என் போத்தல்களைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றார். பையை நான் துவாய் அலுமாரியில் வைத்துவிட்டுப் போவது அவருக்குத் தெரியும்.

"போத்தல வச்ச எடத்துல வச்சிருங்கண்ணே. குப்பை லொறியில வந்த சாமான், கை அழுக்காயிரும்."

"சும்மா பாத்தேன்."

"பாத்து என்னா தெரிஞ்சிச்சு?"

அவர் போத்தல்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்தப் போத்தல்களுக்குள் நான் ஏதோ மருந்து வைத்திருப்பது போல என்னைப் பார்த்தார்.

"காலு அடிக்காம போனா வேகமா போவுது."

அது அவர் தன் வாழ்க்கையிலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்த உண்மை என்று நினைக்கிறேன். நான் விளக்கினேன். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் இறங்கும். அவர் நீந்தவில்லை, தன் கால்களைக் கொழுந்து மூட்டை மாதிரி தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறார். போத்தல் அந்த மூட்டையை மேலே தூக்கிவிடுகிறது. அதுதான் வேகம். அதோடு கைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, பாதி பலம் பக்கவாட்டில் போகிறது என்றேன். அவர் முகம் இறுகியது. நீயா எனக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டார்.

"ஒங்களுக்கு நல்லது செய்ய எனக்கு ஒரு ஆசையும் இல்ல. இப்புடியே விட்டா நீங்க பெயிலாவீங்க, நாக்காலி எனக்கு வரும். அப்புறம் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவீங்க, பொம்பளப் புள்ளைன்னு சலுகை குடுத்துட்டாங்கன்னு. அந்தப் பேச்சக் கேக்க என்னால முடியாது. ஒழுங்கா நீந்தப் பழகுங்க. பழகிட்டுத் தோத்துப் போங்க."

அவர் போத்தல்களைத் தரையில் எறிந்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்கு முன்னால் வந்து நின்றார்.

அவரைப் பழக்குவது போல அலுப்பான வேலை இல்லை. பந்துகளைப் பொத்திக்கொண்டு இறங்கிய முதல் நாள், இரண்டு கையையும் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நின்ற இடத்திலேயே நின்றார். சேற்றில் மாட்டிய டிராக்டர் சக்கரம் அப்படித்தான் சுற்றும். இதெல்லாம் குழந்தைகள் விளையாட்டு என்றார். குழந்தைகள் இதைவிடச் சீக்கிரம் பழகும் என்றேன். முழங்கையை மேலே வைத்து, முன்கையை ஒரு பலகை மாதிரி நிறுத்தித் தண்ணீரைப் பின்னால் தள்ளுங்கள் என்று ஆறு நாள் சொன்னேன். ஏழாம் நாள் பந்தோடு கரை சேர்ந்தார். பந்தை விட்டுவிட்டுக் கையை விரித்து நீந்தியபோது தண்ணீர் கெட்டியாகிவிட்டது போல இருக்கிறது என்றார். அது கெட்டியாகவே இருந்ததுதான், நீங்கள்தான் இத்தனை நாள் பிடிக்கவில்லை என்றேன்.

குச்சியை அவர் இரண்டு தடவை உடைத்தார்; இரண்டு தடவையும் நான் வேறு குச்சி பொறுக்கிக்கொண்டு வந்தேன். இடது கை நீட்டிக் காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. வலது கை வருவதற்குள் அது கிளம்பிவிடும், குச்சி தண்ணீரில் மிதந்து போகும். கணுக்காலில் டியூப் வளையம் போட்ட அன்று பாதி வழியில் நிமிர்ந்து நின்று, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, என்னைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டார். நாலரை அடித் தண்ணீரில் நின்றுகொண்டுதான் கேட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல் அவருடைய தலை. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது; முகத்தை மட்டும் தண்ணீருக்குள் வைக்கமாட்டார். இரண்டு வீச்சுக்கு வைப்பார், மூன்றாவதில் தானாக நிமிர்ந்துவிடும். மூன்றாவது வாரத்தில் எனக்குக் கோபம் வந்து, தலையில் கல்லைக் கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவர் பிறந்தது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே ஒரு குளம், பையன்கள் எல்லோரும் அதில்தான் நீந்தப் பழகினார்கள். புல்லுக்கு மருந்தடிக்கிறவர்கள் குளத்தின் மேல் கரையில்தான் டின்களைக் கழுவுவார்கள். முகத்தை முக்கினால் கண் இரண்டு நாளைக்கு வீங்கிக் கிடக்கும்.

"எங்க தோட்டத்துல எல்லாரும் இப்புடித்தான் நீந்துவோம். தலைய உள்ள விட்டவன் வேலைக்குப் போவ முடியாது."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது எரிச்சல்தான். ஒரு அழுக்குக் குளத்துக்காக முப்பது வருடமாக எல்லாத் தண்ணீரிலும் தலையைத் தூக்கிக்கொண்டு போய், அதை ஒரு சாம்பியனின் பாணி என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு, பந்து வைத்திருக்கிறவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு தலையைப் பற்றிக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சமையலறையில் கரண்டிகள் கேட்டு வாங்கி, தடாகத்தின் அடியில் நேர்கோட்டில் அங்கங்கே போட்டேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எத்தனை கரண்டி என்று சொல்லவேண்டும் என்றேன். முதல் தடவை நாலு என்றார். ஏழு கிடந்தது. இரண்டாவது தடவை எட்டு என்று ஊகித்தார். நான் இன்னும் இரண்டைப் போட்டேன். அன்று முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் பொய் சொல்வதைவிடப் பார்ப்பது சுலபம் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். ஒன்பது என்றார். ஒன்பதுதான். இன்னொரு தடவை போனார். நான் இடையில் ஒன்றை எடுத்துவிட்டேன். எட்டு என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அவர் பதினேழு வீச்சில் வந்தார். ஆரம்பத்தில் இருபத்தைந்து. தண்ணீர் தெறிக்கவில்லை, சத்தமும் இல்லை. கால்கள் மேலே, இடுப்பு மேலே, தலை ஒரு பக்கமாகத் திரும்பி மூச்சு எடுத்துவிட்டு மறுபடி உள்ளே போனது. கரையில் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஆளுக்காகவா என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பரிசோதகர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற சிங்களவர், அதிகம் பேசாதவர். நான் ஏழு நிமிடம் ஆறு செக்கன். கஜேந்திரன் ஏழு நிமிடம் முப்பத்தாறு. பாரத்தையும் இருவரும் எடுத்துவந்தோம். பரிசோதகர் கஜேந்திரனின் தோளில் தட்டி, இந்த வயதில் இவ்வளவு சுத்தமான கை வீச்சு, யாரிடம் பழகினீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் கஜேந்திரனுக்குத் துவாயை நீட்டிக்கொண்டு மூன்று அடி தள்ளி நின்றேன்.

யாரிடமும் இல்லை, சின்ன வயதிலிருந்தே என்னுடைய சொந்த முறை சேர் என்று கஜேந்திரன் சொன்னார். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை. அவர் நாக்குக்கூடத் தடுமாறவில்லை. நான் துவாயை நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தேன்.

பின்னேரம் மர்ஸூக் கூப்பிட்டுப் பாராட்டினார். இருவரும் தேறிவிட்டதால் எதையும் மாற்றத் தேவையில்லை, கஜேந்திரனே தலைமையில் இருக்கட்டும், விருந்தினருக்கும் அவரைப் பார்த்துப் பழக்கம் என்றார். அரை நிமிட வித்தியாசம் அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. நான் வாதாடவில்லை. பரிசோதகர் கையெழுத்து வைத்த நேரத்தாளின் பிரதி ஒன்றை ஊழியர் அறிவித்தல் பலகையில் போடலாமா என்று மட்டும் கேட்டேன். நல்ல விஷயந்தானே, போடுங்கள் என்றார்.

பலகை சமையலறை வாசலில் இருக்கிறது. சாப்பிடப் போகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மறுநாள் மத்தியானத்துக்குள் சமையல்காரர்களிலிருந்து தோட்ட வேலை செய்கிறவர்கள் வரைக்கும் இரண்டு நேரத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். என்னண்ணே, தங்கச்சிக்கு அரை நிமிடம் விட்டுக்கொடுத்தீர்களா என்று ஒருவன் சோற்றுக் கரண்டியோடு கேட்டான். அன்று சாயங்காலம் தாள் காணாமல் போனது. நான் இன்னொரு பிரதி ஒட்டினேன். அதுவும் போனது. மூன்றாவது பிரதி பத்து நாள் அப்படியே இருந்தது. அந்தப் பத்து நாளும் கஜேந்திரன் தினமும் காலையில் தனியாக நீந்தினார். என் பையைத் தொடவில்லை. தானே போத்தல் கட்டிக்கொண்டு வந்திருந்தார், முடிச்சுகூடச் சரியாகப் போடத் தெரியாமல்.

பதினோராம் நாள் அவரே மர்ஸூக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இன்னொரு தடவை நேரம் பாருங்கள் சேர், முந்தினவருக்கு நாற்காலி என்று சொன்னார். மர்ஸூக் என்னைப் பார்த்தார். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தடவை அவர் என் பக்கத்திலேயே இறங்கினார். பன்னிரண்டு தடவை வரைக்கும் ஒவ்வொரு முறை மூச்சுக்குத் திரும்பும்போதும் அவருடைய தோள் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அப்படி ஒருவர் என்னோடு பக்கத்தில் நீந்தி நான் அறியேன். பதிமூன்றாவதில் எனக்குப் பயம் வந்தது. நான் பழக்கிய கை என்னைத் தோற்கடிக்கப் போகிறது என்று தோன்றி, அந்த ஆத்திரத்தில் காலை உதைத்தேன். பதினாறில் அவருடைய தோள் பின்னால் போனது. நான் தொட்டபோது ஏழு நிமிடம் எட்டு. அவர் ஏழு நிமிடம் இருபத்து நாலு.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். மூச்சு அடங்கியதும் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"இன்னும் நாலு தடவ இருந்திருந்தா புடிச்சிருப்பேன்."

"புடிச்சிருக்க மாட்டீங்க."

"ஆமா," என்றார்.

மேலே ஏறி, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மர்ஸூக்கின் கையில் வைத்துவிட்டு உடை மாற்றப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து நான் அந்த நாற்காலியில் உட்காருகிறேன். வேலையை விட்டுவிட்டுப் போவார் என்று சமையலறையில் பேசிக்கொண்டார்கள். போகவில்லை. என்னை நீங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். கேலிக்குத்தான் அப்படிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் மாறாததால் கேலி இல்லை என்று தெரிந்துகொண்டேன். அந்த நாற்காலியில் ஏறினால் பெரிய சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வெயிலில் முதுகு காய்வதுதான் அதிகம்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வந்த தடித்த மனிதர் ஒருவர் தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை அறைந்துகொண்டிருந்தார். கஜேந்திரன் பக்கத்தில் இறங்கி, அவருடைய முழங்கையைப் பிடித்து உயர்த்தி, கீழே தரையைப் பாருங்கள், நெற்றியைத் தண்ணீரில் சாய்த்துவிடுங்கள், இடுப்பு தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்த மனிதர் சட்டென்று வழுக்கிக்கொண்டு முன்னால் போனார். திரும்பி வந்து ஆச்சரியத்தோடு கேட்டதற்கு, இது நானே கண்டுபிடித்த முறை, வேறு எங்கும் சொல்லிக்கொடுக்கமாட்டார்கள் என்று கஜேந்திரன் சொன்னது மேலே நாற்காலியில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. அந்த மனிதர் மறுபடியும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கிளம்பினார். நான் அவர் கரை சேருகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.